வலை அடைபட்ட கீழ்த்துறையிலிருந்து வெள்ளச் செய்தி

செவ்வேணியாற்றின் இரு கரையும் தழைக்கவும் குடிகள் அச்சமின்றிக் கண்ணயரவும் அரசு வீற்றிருக்கும் மருதநாட்டு மாமன்னர், மும்மலை கொண்ட பெருமகனார், நெடுவேற்கோ அவர்களின் திருமுன்னர், அப்பெருமானின் நீர்வள அமைச்சனும் எல்லைநகராகிய கீழ்த்துறைக்கு வெள்ளக்காப்பின் பொருட்டு ஏவப்பெற்றவனுமாகிய ஆதன் திருமாறன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. அரண்மனை நலம் பெறுக. அரசியாரும் இளவரசரும் நீடு வாழ்க. தலைநகர் வளம் குன்றாதிருக்க. முறைப்படி கூற வேண்டிய வாழ்த்துகளில் பலவற்றை விடுத்தேன். காலம் இடந்தரவில்லை, பெருமான் பொறுத்தருள்க.

கணினிகள் வந்தபின் ஓலை என்பது முடிசூட்டுக்கும் மணவிழாவுக்கும் மட்டுமே உரியதாயிற்று. இருந்தும் இன்று எனக்கு ஓலையன்றி வேறு வழியில்லை. கீழ்த்துறையின் இணையவலை முற்றும் அடைக்கப்பட்டுள்ளது. தொலைபேசியும் அவ்வலைவழியே செல்வதாகலின் அதுவும் ஊமையாயிற்று. இது நேர்ந்த வகையைப் பெருமான் கேட்டருள வேண்டும்.

கல்லூரி மாணவர் பாடவேளையில் படம் பார்க்கின்றனர், அலுவலர் பணிவேளையில் விளையாடுகின்றனர் என்ற முறையீடு எழுந்தபோது, வலைக்காப்புத் தலைவர் விழுப்பரையர் நாடெங்கும் உள்ள கல்லூரிகட்கும் அலுவலகங்கட்கும் தடைச்சுவர் ஒன்றை எழுப்பினார். அவர் ஒப்பிய தளங்களன்றிப் பிற யாவும் மூடப்பட்டன. நோக்கம் நல்லதே. ஆயினும் அயல்நாட்டுத் தளங்கள் எனப் பொதுவாக மூடியவற்றுள், நமக்கு மேலே ஆற்றுக்கு அணை கட்டியிருக்கும் மேற்குவட்டு நாட்டின் நீர்நிலைத் தளமும் ஒன்று. அணையில் நீர் எவ்வளவு, மதகு எப்போது திறக்கப்படும் என்பதை அந்நாட்டார் மறைப்பதில்லை. நம் நீர்வள அலுவலகங்கள் காலைதோறும் அதைப் பார்த்தே கரையோரத்தாரை எச்சரித்து வந்தன.

கீழ்த்துறை நீர்வள அலுவலகத்தின் தலைவர் நக்கன் சாத்தன், அத்தளம் ஒன்றையேனும் திறந்துவிட வேண்டுமென விழுப்பரையருக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். ஆய்விலுள்ளது என்பதே ஒவ்வொரு முறையும் வந்த மறுமொழி. பருவமழையின் முதற்பெருக்கில் மேற்குவட்டார் மதகு திறந்தனர். திறப்பதை முன்கூட்டியே தளத்தில் அறிவித்தும் இருந்தனர். நம்மவர் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நண்பகலில், உலை கொதிக்கும் வேளையில், ஓடக்காரத் தெருவுள் ஆறு புகுந்தது. மாண்டவருள் நக்கன் சாத்தனின் தங்கையும் அவள் கைக்குழந்தையும் அடக்கம். குழந்தை கிடைத்தது. தங்கையை ஆறு இன்னும் தரவில்லை.

குழந்தையை அடக்கம் செய்த கையோடு, ஈர உடையும் மாற்றாமல், அவர் அரசர் கல்லூரிக்குச் சென்றார். அங்கே கணினித்துறை இறுதியாண்டில் பயிலும் கொற்றி என்பாள், அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடங்களைக் கேட்கும் ஆவலால் தடைச்சுவரைச் சுற்றிச் செல்லும் வழி கண்டவள் என்பது மாணவரிடையே பேச்சு. எல்லைக்கு அப்பால் வாழும் தோழி ஒருத்தியின் கணினியை இடைவாயிலாகக் கொண்டு அதன்வழியே வெளியுலகைப் பார்ப்பது அவள் முறை. பிடிபட்டால் கல்லூரியை விட்டே நீக்கப்படுவாள் என்பதை அவள் அறிவாள். நக்கன் சாத்தன் கேட்டபோது முதலில் தனக்கு ஒன்றும் தெரியாது என்று மறுத்தாளாம். அவர் வாதிடாமல் அங்கேயே நின்றிருக்க, சற்றுப் பொறுத்து அவளே எழுந்துபோய்க் கணினியைத் திறந்தாளாம்.

மறுநாள் மாலை மதகுகள் மீண்டும் திறக்கப்படும் என்பதை இருவரும் கண்டனர். பறை அறைந்து தெருத்தெருவாகச் சொல்லி, தாழ்ந்த பகுதியின் மக்கள் யாவரையும் கல்லூரிக் குன்றின்மேல் ஏற்றினர். சொன்னபடியே நீர் வந்து பலகணி உயரத்துக்கு நின்றது. ஓர் உயிரும் போகவில்லை.

அதற்கு அவர்கள் பெற்ற பரிசு சிறை. வலைக்காப்பினர் தடம் கண்டு இருவரையும் பற்றி, அயல்நாட்டோடு கள்ளத்தொடர்பு கொண்டனர் என்று குற்றம் சாற்றி, ஆற்றங்கரைக் கோட்டையில் அடைத்தனர். கொற்றியின் பெயரைக் கல்லூரி நீக்கிவிட்டது. மீண்டும் எவரும் மீறாதிருக்கும் பொருட்டு ஊர் முழுமைக்கும் வலையை நிறுத்தினர்.

யான் படகில் வந்து சேர்ந்தபோது நிலை இது. மழை விடவேயில்லை. மேலே அணையில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஒருவருமில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்பவன் போலானேன். வலைக்காப்புக் கூடத்திலேயே அமர்ந்து, அவரை மட்டுமே எட்டும் அக்கூடத்தின் தனிக்கம்பி வழியே விழுப்பரையருக்குச் செய்தி மேல் செய்தி விடுத்தேன். அவர் கணினி தானாகவே மறுமொழி அனுப்பியது: ஆய்விலுள்ளது.

சிறைக்குச் சென்றேன். நக்கன் சாத்தன் என்னைக் கண்டதும் தம் விடுதலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"அணையப் பாத்தீங்களா ஐயா?" என்றார். இல்லையென்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அரச ஆணையின்றிக் கதவு திறவேன் என்று கோட்டைக் காவல் தலைவன் மறுத்தான். அவன் மறுத்தது முறையே. பெருமான் என்னிடம் நம்பி ஒப்படைத்த முத்திரையை இட்டு, இருவரையும் விடுவிக்கும் ஆணையை யானே எழுதினேன். அவன் அதை வாங்கி இருமுறை படித்தான்.

"ஐயா, இதுக்கு உங்க தலையே போகலாம். தெரிஞ்சுதான் எழுதுறீங்களா?"

தெரிந்தே எழுதினேன் என்றேன். அவன் கதவைத் திறந்தான்.

கல்லூரிக் குன்றின் உச்சிக்கு மேற்குவட்டு எல்லைக் கோபுரத்தின் அலை சிறிது எட்டும் என்று கொற்றி கூறினாள். அங்கே, தஞ்சம் புகுந்திருந்த ஓடக்காரர் நாற்புறமும் தார்ப்பாயைப் பிடித்து நிற்க, அவள் மடிக்கணினியைத் திறந்தாள். நெடுநேரம் ஒன்றும் தோன்றவில்லை. பின் தோன்றியது. மேற்குவட்டு அணையின் வடபுறச் சுவரில் நீர் கசிகிறது. சுவர் இற்றுப்போகாதிருக்கும் பொருட்டு நாளை விடியுமுன் மதகுகள் அனைத்தையும் ஒருசேரத் திறக்கின்றனர். அங்குக் கண்ட நீரின் அளவை நக்கன் சாத்தன் வாய்விட்டுப் படித்து, முன் வந்த இரு பெருக்கினும் இது பெரிது என்றார்.

பெருமானே, இந்நீர் கீழ்த்துறையோடு நில்லாது. நாளை அந்தி சாயுமுன் தலைநகரின் படித்துறைகளை அடையும். செம்படவர் குடியிருப்பும், மருத்துவமனையின் கீழ்க்கட்டும், மகளிர் கல்லூரி விடுதியும் ஆற்றின் அருகிலேயே உள்ளன. தலைநகர் நீர்வள அலுவலகத்திலும் அத்தளம் மூடியே கிடக்கிறது. அரண்மனைக்கும், மருத்துவமனைக்கும், கல்லூரிகட்கும் கொற்றி தனித்தனியே செய்தி அனுப்பினாள். ஒப்பப்படாத முகவரி என்று ஒவ்வொன்றும் திரும்பி வந்தது.

"எல்லாச் செவுரும் ஒரே செவுருதான் ஐயா. வெளிய போக எனக்கு வழி தெரியும். உள்ள இருக்கறவங்களுக்குச் சொல்லத்தான் வழியே இல்ல" என்றாள் அப்பெண். அதுகாறும் அழாதிருந்தவள் அப்போது அழுதாள். அவள் தமக்கை அம்மகளிர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

ஆகவே இவ்வோலை. கொண்டு வருபவன் கோட்டைக் காவல் தலைவனேயாவான். ஊரில் எஞ்சிய குதிரைகளுள் நல்லதைக் கொடுத்துள்ளேன். மலைப்பாதையில் இடையில் தங்காது வந்தால், நாளை நண்பகலில் அரண்மனை வாயிலை அடைவான். நீர் வருமுன் சிறிது பொழுதேனும் பெருமானுக்கு மிஞ்சும்.

யான் வேண்டுவன இவை. இதைப் படித்து முடிக்குமுன்பே ஆற்றோரக் குடிகளை மேட்டுக்கு ஏற்றத் தொடங்க ஆணையிடுக. நோயாளிகளை மேல்மாடத்துக்கு மாற்றுக. செய்தி மெய்யோ என்று விழுப்பரையரைக் கேட்டு உறுதி செய்யப் பொழுது செலவிட வேண்டா. அவராலும் பார்க்க இயலாது. நீர்நிலைத் தளத்தை நாடெங்கும் உடனே திறந்துவிடுக. நக்கன் சாத்தனும் கொற்றியும் செய்தவை அனைத்தும் இனி என் ஆணைப்படி செய்தவையாகக் கொள்ளப்படுக. அவர்களைத் தேடி எவரும் வரலாகாது. இப்போதும் இருவரும் குன்றின்மேல் அமர்ந்து அணையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

வழியிலுள்ள சாவடிக் காவலரும், பாலக் காவலரும், கோட்டை வாயிலோரும் அறிக: இவ்வோலை கொண்டுவரும் வீரனை எவரும் நிறுத்தவோ வினவவோ வேண்டா; அவன் குதிரை தளர்ந்தால் உங்கள் குதிரையைக் கொடுங்கள். இது மாமன்னரின் ஆணை. அவர் பெயரால் இதை இடும் உரிமை எனக்கில்லை என்பதை அறிந்தே இடுகிறேன்.

கீழ்த்துறைக் குன்றின்மேல், மழையிடையே, என் கையால் எழுதி அரச முத்திரை பதித்தேன். முத்திரை மோதிரத்தையும் இவ்வோலையோடு கட்டி அனுப்பியுள்ளேன். பெருமான் அதை வேறொருவர்க்கு அளிக்கலாம். என் மீதான விசாரணை நீர் வடிந்தபின் நடக்கட்டும். முதலில் விடுதியிலுள்ள பெண்களை மேலே ஏற்றுங்கள்.