புகையில்லாப் பெருநாள் வாசம்

நோன்பு 21, திங்கள்

வெயில். காற்று பெயருக்கும் இல்லை.

அஸர் தொழுகைக்குப் போய்ப் பள்ளியில் மானம் போனது. காலையில் செய்த மெழுகு வில்லை ஒன்றைச் சட்டைப் பையில் போட்டு மறந்துவிட்டேன். ருகூவில் குனிந்து நிமிர்ந்தால் சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வரிசை முழுக்க ஸ்ட்ரோபெரி வாசம், நான் ஊற்றிய கேக் எசன்ஸ். ஸலாம் கொடுத்த கையோடு பக்கத்தில் நின்ற மீன் வியாபாரி காதுக்குள்: "என்ன காக்கா, நோன்போட கேக் கடைக்குள்ள பூந்திட்டு வாறீங்களா?" மெழுகு என்றேன். இன்னும் இரக்கமாகப் பார்த்தார்.

பிழை: தேங்காய் எண்ணெய் கூடிவிட்டது. ஓ.எல். சோதனையில் கணக்கில் கோட்டை விட்டவன் அளவு போட்டால் இப்படித்தான்.

ஏன் இந்த வேலை என்று பிறகு நானே கேட்பேன். எழுதி வைக்கிறேன். பேரனுக்கு எட்டு மாதம், முட்டு வந்து மூச்சு இழுக்கிறது. வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை கூடவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பெருநாள் காலையில் என் மனைவி மர்ஜான் சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போவாள். அந்த வாசம் வந்தால்தான் எங்கள் வீட்டில் பெருநாள். அவள் மவுத்தாகி ஒன்பது மாதம். பேரன் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

மகள் றிஸ்னா நேற்றுச் சொன்னாள்: "இந்த முறை பெருநாள் ஒண்டும் வேணாம் வாப்பா. நான் புள்ளயோட மாமி வீட்ட போறன்."

மாமி வீடு மருதமுனையில். மருமகன் கட்டாரில், லீவு இல்லை. இந்த வீடு றிஸ்னாவின் சீதனம். வீட்டுக்காரி போய்விட்டால் என்னைப் போன்ற முன்னறை விருந்தாளி பெருநாளன்று என்ன செய்வான்? ஃப்ரிட்ஜுக்கு ஸலாம் சொல்வான்.

ஆகவே புகையில்லாத வாசம். திரியில்லாத மெழுகு, சின்னக் கிண்ணத்தில் வைத்துக் கீழே விளக்கு. உருகும், மணக்கும். வீடியோவில் ஒரு பொம்பிளை மூன்று நிமிடத்தில் முடித்தாள். எனக்கு இது மூன்றாம் நாள்.

நோன்பு 23, புதன்

மப்பு. மழை வரும்போல, வரவில்லை.

வாங்கியது:
வெள்ளை மெழுகுதிரி, இரண்டு கட்டு
சந்தன அத்தர், சின்னது
பன்னீர், ஒரு போத்தல்
பேரனுக்குப் பம்பர்ஸ் (மறந்து, திரும்பப் போய்)

கேக் எசன்ஸ் இனிமேல் இல்லை.

மெழுகு உருக்கப் பழைய பால் சட்டி. வார்க்க றிஸ்னாவின் ஐஸ் தட்டு, கேட்காமல் எடுத்தது.

மெழுகில் பன்னீர் ஊற்றினேன். ஊற்றக்கூடாதாம். படபடவென்று வெடித்து முகட்டுக்குப் போனது. தாடியில் ஒரு துண்டு. றிஸ்னா ஓடி வந்து பார்த்தாள். சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. எத்தனை மாதத்துக்குப் பிறகு. முகட்டைத் துடைக்கவில்லை. கிடக்கட்டும்.

துணிந்து கேட்டேன், பெருநாளுக்கு நிற்பாளா என்று.

"பாப்பம். பெருநாளாட்டம் வாசம் வந்தா நிக்கிறன். ஸ்ட்ரோபெரி வந்தா போறன்."

நோன்பு 26, சனி

அதே வெயில். முழங்கால் வலி.

சந்தனம் மட்டும் போட்டது பரவாயில்லை, ஆனால் சவர்க்காரம் போல. ஏதோ குறைகிறது.

பாண்டிருப்பில் சிவத்தைப் பார்க்கப் போனேன். டிப்போவில் இருபது வருடம் ஒன்றாக பஸ் ஓட்டியவன். நான் எதைத் தொடங்கினாலும் முதலாளி என்று கூப்பிடுவான்.

"என்ன முதலாளி, மெழுகுக் கொம்பனி எப்பிடி?"

"நட்டத்துல ஓடுது."

"கொஞ்சம் கற்பூரம் போட்டுப் பாரன். நல்லா மணக்கும். நுளம்பும் அண்டாது."

சாமி அறையிலிருந்து ஒரு சின்னக் கற்பூரப் பக்கெட் எடுத்துத் தந்தான். வீட்டுக்கு வந்து குசினியில் திறந்தேன். மூடினேன். திரும்பத் திறந்தேன். அப்படியே நின்றதில் அஸர் பிந்திவிட்டது.

பின்னேரம் வார்த்தேன். சந்தனமும் கற்பூரமும். பன்னிரண்டு வில்லை. நன்றாக இறுகின.

நோன்பு 28, திங்கள்

காலையில் தூறல்.

நோன்பு துறந்த கையோடு ஒரு வில்லையை வைத்து விளக்கை ஏற்றினேன். றிஸ்னா பிள்ளையோடு உள்ளறையில். மர்ஜானின் தங்கச்சி சபீனா கஞ்சிச் சட்டியோடு வாசலுக்குள் ஏறினவள், ஏறின இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"மச்சான், என்ன இது?"

"பெருநாள் வாசம்."

"மையத்து வாசம் மச்சான். ராத்தாவக் குளிப்பாட்டினது இந்தக் கையாலதான். கடைசித் தண்ணிக்கிக் கற்பூரம் கரைச்சதும் நான்தான். எனக்குத் தெரியாதா?"

றிஸ்னா அறை வாசலில். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பிள்ளையைத் தோளில் போட்டு, பம்பர்ஸ் பையைத் தூக்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சபீனா பின்னால். அவள் வீடு அடுத்த ஒழுங்கையில்தான்.

ஊதி அணைத்தேன். வாசம் போகவில்லை. எல்லா ஜன்னலையும் திறந்தேன். நுளம்பு வந்து கடித்தது. சிவம் சொன்னதும் பொய்.

நோன்பு 29, செவ்வாய்

மிச்சம் பதினொரு வில்லையையும் சிவத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் பெண்சாதி ஒன்றை அங்கேயே ஏற்றினாள். "கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி இரிக்கி அண்ணன். இன்னும் இரிக்கா?" இல்லை என்றேன். அந்த வீட்டில் அது சாமி வாசம். பிள்ளைகள் பாட்டுக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நோன்பு துறந்தது: பேரீச்சம்பழம் மூன்று, தண்ணீர், பள்ளிக் கஞ்சி. எதிர்க் கதிரையில் யாரும் இல்லை.

பிறை கண்டாச்சு என்று ஒலிபெருக்கி. ஒழுங்கை முழுக்கப் பிள்ளைகள் கூச்சல். றிஸ்னாவுக்குப் போன் எடுத்தேன். தூக்கவில்லை. இரண்டாம் தரம் சபீனா தூக்கினாள்: "அழுதிட்டுப் படுத்திரிக்கா மச்சான். நாளைக்கி மாமி வீட்ட போறதாம்."

சாரம் இஸ்திரி போட்டேன். மடிப்புக் கோணல்.

பெருநாள், புதன்

மேகம். மழை இல்லை.

தொழுகை முடிந்து, நூறு பேரைக் கட்டித் தழுவி, ஒருவரையும் நினைவில்லாமல் வந்தேன். வாசலில் றிஸ்னாவின் செருப்பு. கூடத்தில் பாயில் பேரன், கால்விரலைச் சப்பிக்கொண்டு. குசினியில் அரிசி களையும் சத்தம்.

முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "வாப்பா, மறந்துதானே கற்பூரம் போட்டீங்க?"

"ஓம் மகள். சிவம் தந்தான், நுளம்புக்கு. மறந்திட்டன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். வேணுமெண்டு போடுவீங்களா?" கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "மாமிக்கிப் போன் பண்ணிட்டன், பின்னேரம் பாப்பம் எண்டு. வெங்காயத்த உரிங்க."

உரித்தேன். அழுவதற்கு வசதியான வேலை.

சொல்லாதது: மறக்கவில்லை மகளே. உன் உம்மாவின் தலையணையில் மணம் போய்விட்டது, சாரிகளிலும் போய்விட்டது. கபன் துணியை முடிச்சுப் போடுமுன் முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள், குனிந்தேன், நெற்றியில் அந்த வாசம்தான் இருந்தது. பக்கெட்டைத் திறந்ததும் தெரிந்தது. தெரிந்துதான் போட்டேன்.