சாட்சிக்கு ஒரு நாற்காலி

கண்ணுக்கு,

அங்கே குளிர் எப்படி? நீ வேலை பார்க்கும் சர்வதேச நீதிமன்றத்தில், போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் சாட்சி சொல்ல வந்தால் நிற்கவைத்துக் கேட்பார்களா, உட்காரவைத்தா?

நேற்று கோயமுத்தூர் கோர்ட்டில் என்னை விசாரித்தார்கள். உன் தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், உயிரோடு திருப்பி அனுப்பாத இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். நான் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உக்காருங்கம்மா" என்றார் ஜட்ஜ்.

கூலிக்குப் போகிற தோட்டத்து வீடுகளில் நமக்கு ஏது நாற்காலி? பழக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜட்ஜ் மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"சேர்ல உக்காருங்கம்மா" என்றார்.

உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. சொன்னதையெல்லாம் உனக்கு எழுத மாட்டேன்.

அங்கேயும் யாராவது என்னைப்போல் தரையில் உட்காருகிறார்களா? பார்த்து எழுது. உட்கார்ந்தால், நீயே ஒரு நாற்காலியை இழுத்துப் போடு.

உன் அம்மா