பாதிக் கணக்கு

பாய், உன் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் உன் மகள் உன்னுடைய கேமரா உறையை என் கையில் கொடுத்தாள். பட்டனைத் திறந்ததும் குப்பென்று புளி வாசனை. புளி மண்டிக்காரனின் கேமராவில் வேறென்ன வாசனை வரும்! உள்ளே கேமரா இல்லை, பேரன் எடுத்துக்கொண்டானாம். போகட்டும்.

அறுபதுகளின் கடைசியில் நான் உன் லாரி டிரைவர். சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவே என் ஹாரன் தெரியாத நாய் கிடையாது. குருபரப்பள்ளியில் வண்டியை மெதுவாக்கினாலே எனக்கு டீ ஆற்ற ஆரம்பித்துவிடுவார்கள். பங்குனியில் புளி மூட்டை ஏறுகிற நேரம், நீ கேமராவோடு கொள்ளுக் காட்டில் இறங்கிவிடுவாய். வானம்பாடி, பனங்காடை, கவுதாரி. சாயங்காலம் பேரிகை ஏரிச் சேற்றில் மேய்கிற உள்ளான்கள். அவை வடக்கே கிளம்பும் முன் கணக்கெடுத்து, பெங்களூரில் பறவை பார்க்கிற சிலருக்குக் கார்டு போடுவாய். நீ படம் பிடிப்பாய், எண்ணுவது நான். பருந்தே என்னிடம் கண் கடன் கேட்கும். ஆனாலும் நான் நூறு என்றால் நீ ஐம்பது என்று எழுதுவாய்.

"ஏன் பாய், பாதியைத் தின்னுட்டே?"

"நீ எட்டாங்கிளாஸ் பாதியில நின்ன ஆளு மச்சான். உன் கணக்கும் அங்கயே நிக்கட்டும்."

சானமாவுக் காட்டில் யானை நம் லாரிக்குத் தும்பிக்கை தூக்கி சல்யூட் அடித்ததைச் சொன்னபோதும், "பாதி தூக்கியிருக்கும்" என்றாய்.

எனக்கு ஒரே ஆசை. ஒரு தடவையாவது என் எண்ணிக்கை குறையாமல் அந்தக் கார்டில் ஏறவேண்டும்.

ஒரு சாயங்காலம் அது கூடி வந்தது. சேறு முழுக்க உள்ளான். தரையே நகர்கிற மாதிரி. முந்நூறு என்றேன். சாமி சத்தியமாக அன்று முந்நூறேதான்.

"ஒரு படம்தான் மிச்சம். கழுவி வந்ததும் அதுல எண்ணுவோம். இருந்தா முந்நூறே எழுதறேன். வாயை மட்டும் மூடிக்கோ."

நீ வயிற்றால் ஊர்ந்து போனாய். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை, எழுந்துவிட்டேன். விரலை நீட்டி, "பாத்தியா பாய், முந்நூறு!" லாரிக்காரன் தொண்டை இல்லையா, ஏரியே கிளம்பிப் பறந்தது. நீ திரும்பிப் படுத்து, மிச்சமிருந்த ஒரு படத்தை எடுத்தாய்.

ஓசூர் ஸ்டூடியோவில் கழுவி வந்த அந்தப் படத்தில் காலி வானம், நீட்டிய விரலோடு நான்.

"இது என்ன பறவைங்க பாய்?" என்று ஸ்டூடியோக்காரர் சிரித்தார்.

"ஆள்காட்டி," என்றாய். ஆளைக் கண்டதும் கத்தி மற்ற பறவைகளையெல்லாம் கிளப்பிவிடுமே, அது. "எண்ணிக்கை ஒண்ணு."

கார்டில் நூற்றைம்பது என்றுதான் போட்டாய். அந்த ஒன்றை மட்டும் பாதியாக்கவில்லை.

போன வாரம், இத்தனை வருஷமாக என்னிடமிருந்த அந்தப் படத்தை உறைக்குள் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு பேரிகை ஏரிக்குப் போனேன். கரையில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். உள்ளான் கொஞ்சம்தான். "நூறு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். யாரும் குறைக்காத நூறை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், பாய்? "சரி, ஐம்பது" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பி நடக்கையில் வரப்பிலிருந்து ஆள்காட்டி ஒன்று கத்தியது. இங்கே ஒரு ஆள் இருக்கிறான் என்று அதற்காவது தெரிந்தது.