ராய்ஸின் முகமும் அரை சென்ட் வரியும்

ஆகஸ்ட் 14

காலையில் இரண்டு தலைக்குச் சாயம், ஒரு தலைக்குச் சுருள். தோட்டத்துத் தக்காளி இந்த வருடம் அடங்க மாட்டேன் என்கிறது. என் முடி திருத்தும் கடைக்கு வருகிறவர்கள் கையில் ஆளுக்கு ஒரு பை திணித்து அனுப்புகிறேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது நெடுஞ்சாலைத் திருப்பத்தில் ராய்ஸ்.

அப்படித்தான் எழுத முடிகிறது. திருப்பத்தில் ராய்ஸ் நின்றுகொண்டிருந்தார். பிரேக்கை அழுத்தினேன், பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை விடவே இல்லை. தேர்தல் பலகை. சீருடையில், செத்துப்போன என் புருஷனின் படம், கீழே பெரிய எழுத்தில் “இவருக்காக ஆம் என்று வாக்களியுங்கள்”. நவம்பரில் ஓட்டுக்கு வருகிற, டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரிக்காக. மாவட்டப் போலீஸை நடத்துகிற ஷெரிஃப் அலுவலகத்துக்குப் பணம் வேண்டுமாம்.

அது சர்ச் விருந்தில் எடுத்த படம். என்னை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் சரியாக வெட்டத் தெரியவில்லை. அவர் தோளில் என் நான்கு விரல்கள் மட்டும் இருக்கின்றன.

யாரைக் கேட்டு?

ஆகஸ்ட் 15

நோரீனைக் கூப்பிட்டேன். ராய்ஸின் அக்கா. வரிக்கான பிரச்சாரக் குழுவுக்கு அவள்தான் தலைவி.

“உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன் வெர்னா.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப.”

“அப்போ தெரிஞ்சேதான் செஞ்சிருக்க!”

“அவன் என் தம்பி. நீ வர்றதுக்கு முன்னாடியே என் தம்பி.” போனை வைத்துவிட்டாள்.

கோபம் அடங்கி யோசித்தால் அவள் வரி கேட்பதில் பாதி நியாயம்தான். ராய்ஸ் செத்தது ஏன்? கட்லர் ரோட்டில் புருஷன் பெண்டாட்டியை அடிக்கிறான் என்று அழைப்பு. அந்த நேரத்தில் கவுண்டி முழுக்க, இந்த மாவட்டம் முழுக்க, இரண்டே பேர் வேலையில். இன்னொருவர் கவுண்டியின் அந்தக் கோடியில், ஆற்றுக்கு அப்பால். இவர் காத்திருக்காமல் தனியாக உள்ளே போனார், அவன் சுட்டுவிட்டான். உள்ளே அந்தப் பெண் கத்திக்கொண்டிருந்தாளாம். எப்படிக் காத்திருப்பார்?

வரி வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? என்னைக் கேளுங்கள் என்றுதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 29

நீதிமன்றக் கட்டடத்தில் பொதுக் கூட்டம். மேடையில் கவுண்டியை நடத்துகிற மூன்று கமிஷனர்கள், ஓரத்தில் ஷெரிஃப் கார்லண்ட் ப்ரூயிட். குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. எல்லோரும் காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்டது ஒரே கேள்வி. “இந்த வரி வந்தா, ராத்திரி ரோந்து காருல ரெண்டு பேர் இருப்பாங்களா?”

ப்ரூயிட் பொய் சொல்லவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார். “முதல்ல புது ஜெயில் வெர்னா. பழசு ஒழுகுது. பெருசா கட்டினா பக்கத்துக் கவுண்டிக் கைதிகளையும் வைக்கலாம், தலைக்கு இவ்வளவுன்னு வருமானம் வரும். அதுல இருந்து மெதுவா ஆள் எடுப்போம்.”

“மெதுவான்னா?”

“நிலைமையைப் பொறுத்து.”

“வரி எப்போ முடியும்?”

“முடியுற மாதிரி எதுவும் எழுதல.”

சரிதான். என் புருஷன் முகத்தைக் காட்டி ஜெயில் கட்டப் போகிறார்கள். வாடகைக்கு விடுகிற ஜெயில். எழுந்து நின்று சொன்னேன்: “அப்போ பலகையில ஒழுகுற கூரையோட படத்தைப் போடுங்க. ராய்ஸ் படத்தை எடுங்க.”

யாரும் கை தட்டவில்லை. நோரீன் என்னைப் பார்க்காமல் கைப்பையை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 7

பலகைகளை எடுக்கவில்லை. கேட்டேன், மறுபடியும் கேட்டேன். “குழு முடிவு” என்கிறார்கள்.

செப்டம்பர் 9

நானே பிடுங்கிவிட்டேன்.

பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, என் பிக்கப் வண்டியில் போய். ஒளிந்து செய்ய நான் என்ன திருடியா? திருப்பத்தில் இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்தது, தீவனக் கடைப் பக்கம் இருந்தது. கம்பி கையைக் கிழித்துவிட்டது. கடைசிப் பலகையை ஆட்டிக்கொண்டிருந்தபோது போலீஸ் கார் வந்து நின்றது. லோரெட் கோம்ப்ஸ். ராய்ஸோடு வேலை பார்த்தவள், அவர் இறந்த அன்று ஆற்றுக்கு அப்பால் இருந்தவள். வழக்கம்போலத் தனியாக வந்திருந்தாள்.

“வெர்னா, புகார் வந்திருக்கு.”

“வரட்டும். பிடிச்சுட்டுப் போ.”

அவள் கைவிலங்கைத் தொடவில்லை. காரில் சாய்ந்துகொண்டாள். “இந்த வரி வரணும்னு நான் ஆசைப்படுறேன், தெரியுமா உனக்கு?”

“ஜெயிலுக்கா?”

“எதுக்கோ. ஏதாவது வரட்டும். அந்தக் காருல தனியா உக்காந்திருக்கிறது நான்.”

“அதுக்காகத்தான்டி கேக்குறேன். உன் பக்கத்துல ஒரு ஆளுன்னு சட்டத்துல எழுதச் சொல்றேன்.”

“எழுதி வர்ற வரைக்கும் நான் உயிரோட இருக்கணுமே.”

கடைசிப் பலகையையும் பிடுங்கி வண்டியில் போட்டேன். பலகைகளைக் குழுவிடம் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ராய்ஸ் முகத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு.

செப்டம்பர் 20

இந்த வாரம் கடையில் மூன்றே பேர். போலீஸ்காரர்களின் மனைவிகள் ஒருவரும் வரவில்லை. சர்ச்சில் என் வரிசையில் நான் மட்டும். போகட்டும். காலை நீட்டி உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 23

இன்று வந்தவன் ஹாலிஸ் பீம். சாமான் கடைக்காரன், வரியே கூடாது என்று கொடி பிடிக்கிறவன். கையில் ஒரு ஆப்பிள் கேக். வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தான்.

“நீதான் எங்க வீராங்கனை. ‘அவர் மனைவியே வேண்டாம் என்கிறார்’னு ஒரு பலகை அடிக்கலாமா? செலவு நம்மளுது.”

“ஹாலிஸ், போன வருஷம் உன் கடையை உடைச்சாங்களே, போலீஸ் எப்போ வந்துச்சு?”

“நான் காபி குடிச்சு முடிச்சு, ரெண்டாவது காபியும் குடிச்ச பிறகு.”

“அப்புறமும் வரி வேணாமா?”

“என் ஜனங்க எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ச் சாமான் வாங்கிடுவாங்கம்மா. அரை சென்ட்டுக்கு அஞ்சு மைல் ஓட்டுவானுங்க, நம்ம ஊர்க்காரனுங்களை உனக்குத் தெரியாதா?”

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சொன்னேன்: “நான் உன் ஆளும் இல்ல. என் பேரைப் பலகையில போட்டா அதையும் பிடுங்குவேன். கத்தரி கைவசம் இருக்கு.”

கேக்கை விட்டுவிட்டுத்தான் போனான். நல்ல கேக்.

அக்டோபர் 17

உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அரங்கில் விவாதம். ஊரே திரண்டிருந்தது. வரி வேண்டும் என்பவர்களுக்கு நோரீன், வேண்டாம் என்பவர்களுக்கு ஹாலிஸ். எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி இல்லை. பார்வையாளர் மைக் முன்னால் வரிசையில் நின்றேன்.

முறை வந்ததும் மைக்கை என் உயரத்துக்கு இறக்கினேன். சொன்னது இதுதான். வரியை நான் கட்டுகிறேன். ஆனால் எழுதிக் கொடுங்கள். இந்தப் பணம் ரோந்துக்கு மட்டும். இருட்டிய பிறகு எந்தக் காரிலும் இரண்டு பேர். ஏழு வருடத்தில் வரி தானாக முடியும், வேண்டுமானால் மறுபடி வந்து எங்களைக் கேளுங்கள். இந்த மூன்றும் இல்லையென்றால் என் ஓட்டு இல்லை.

மேல் படிக்கட்டிலிருந்து எவனோ கத்தினான்: “முடி வெட்டுறதுக்கு விற்பனை வரியே கிடையாது! உனக்கு எங்க வலிக்குது?”

நான் யோசிக்கவே இல்லை. “என் பங்கை நான் முன்னாடியே கட்டிட்டேன். ரசீது வேணும்னா கல்லறைக்குப் போய்ப் பாரு.”

நோரீன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவளை அடிக்க அதைச் சொல்லவில்லை. ஆனால் அவளையும் போய் அடித்துவிட்டது.

நவம்பர் 6

வரி தோற்றுவிட்டது. கொஞ்ச ஓட்டில்.

ஹாலிஸ் கடை வாசலில் பட்டாசு விட்டானாம். எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஜெயித்தது நான் இல்லையே.

நவம்பர் 28

நன்றி தெரிவிக்கும் நாள், குடும்பத்தோடு உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிற நாள். நோரீன் கூப்பிடவில்லை. ஒரு கோழிக்காலை மட்டும் வறுத்துச் சாப்பிட்டேன்.

ஜனவரி 11

லோரெட்.

பனிமழை பெய்து ரோடெல்லாம் கண்ணாடி. வடக்கே ஒரு வீட்டில் குடித்துவிட்டு ஒருத்தன் கலாட்டா, இவள் தனியாகப் போயிருக்கிறாள். வாசல் படியிலிருந்து தள்ளிவிட்டான். இடுப்பு எலும்பு முறிவு. பனியில் கிடந்தபடியே ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். உதவிக்கு வர வேண்டிய கார் வழியில் சறுக்கிப் பள்ளத்தில். யாரும் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிவிட்டது.

அவன் துப்பாக்கி எடுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், ராய்ஸுக்கும் இவளுக்கும்.

நான் ‘ஆம்’ போட்டிருந்தால்? ஜனவரிக்குள் ஜெயிலுக்கு அஸ்திவாரம்கூடத் தோண்டியிருக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஜனவரி 13

மருத்துவமனைக்குப் போனேன். அறையில் நோரீன் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

லோரெட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “உங்க சண்டையை வெளியில போய்ப் போடுங்க. சிரிச்சா இடுப்பு வலிக்குது.”

“நான் தப்பு பண்ணிட்டேன்னு நெனைக்கிறியா?” கேட்டுவிட்டேன்.

“கோபம் இருந்துச்சு. இன்னும் இருக்கு. ஆனா பனியில கெடந்தப்போ ஒரு ஜெயிலும் எனக்கு ஞாபகம் வரல வெர்னா. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா போதும்னு தோணுச்சு.” அப்புறம் நோரீனிடம் திரும்பினாள்: “நீயும் கேட்டுக்கோ.”

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நோரீன் என் பின்னால் வந்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

“அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கல்லறைன்னு சொன்னியே.”

“ஆமா.”

“வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.”

“நீ என்னை வெட்டி எடுத்துட்டு அவரை மட்டும் ஒட்டினியே, நான் என்ன எடுத்திருப்பேன்?”

கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் அவள்தான்: “படம் வேணாம். யார் படமும் வேணாம். உன் மூணு நிபந்தனையை மறுபடி சொல்லு.”

ஜனவரி 21

கமிஷனர்கள் முன்னால் நானும் நோரீனும் சேர்ந்து நின்றோம். ப்ரூயிட் கடைசிவரை எதிர்த்தார். “கையைக் கட்டிப்போட்டுட்டு வேலை செய்யச் சொல்றீங்க. எங்க எத்தனை பேர் போகணும்னு முடி திருத்துறவங்க சொல்லணுமா?”

நோரீன் எனக்கு முன்னால் பாய்ந்துவிட்டாள். “தலையை அவகிட்டதான குடுத்துட்டு உக்காந்திருந்தீங்க இருபது வருஷம்? அப்போ நம்பிக்கை இருந்துச்சில்ல?”

ஒரு கமிஷனர் இருமலில் சிரிப்பை மறைத்தார். மூவரில் இருவர் சரி என்றார்கள். ஏப்ரல் தேர்தலில் மறுபடி ஓட்டு. நாங்கள் கேட்ட வாசகம், எழுத்து மாறாமல்.

மார்ச் 15

சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போகிறோம். நோரீனுக்குக் கால் வலி, எனக்கு நாய்ப் பயம். ஒருவன் எங்கள் முகத்தில் கதவைச் சாத்தினான். “நவம்பர்ல வேணாம்னே, இப்ப வேணுங்கிற. உனக்குப் பைத்தியமா?” மூடிய கதவுக்கே விளக்கம் சொல்லிவிட்டு வந்தேன். முழுதாக.

ஹாலிஸ் எதிர்க்கிறான். ஆனால் சத்தம் குறைந்திருக்கிறது. “முடியுற தேதி இருக்கிற வரியை இப்பத்தான் பார்க்கிறேன்” என்றான், ஏதோ அதிசய மிருகத்தைப் பார்த்தவன் மாதிரி.

ஏப்ரல் 9

ஜெயித்தது. இந்த முறை நல்ல வித்தியாசத்தில். நோரீன் போனில் அழுதாள். நான் அழவில்லை. கடையைத் திறந்தேன்.

ஜூலை 2

வரி நேற்றிலிருந்து அமல். ஹாலிஸ் கடையில் ஒரு சுத்தியல் வாங்கினேன். “இந்த வரி உன் புண்ணியம்” என்று முனகியபடியே மீதிச் சில்லறையைத் தந்தான். கொடுத்துத் தொலைக்கிறேன், என்ன இப்போ?

அக்டோபர் 24

நோரீன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். இருட்டிவிட்டது. கட்லர் ரோட்டில் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன். அந்த ரோட்டில் எப்போதும் வேகமாகத்தான் வருவேன். பின்னால் நீலமும் சிவப்புமாக வெளிச்சம். ஓரம் கட்டினேன்.

லோரெட். லேசாக நொண்டியபடி என் ஜன்னலுக்கு வந்தாள். “எவ்வளவு வேகம் தெரியுமா?”

“என்னையே பிடிக்கிறியா? உனக்காக எத்தனை நாய்கிட்டக் கடி வாங்கப் பார்த்தேன்!”

“வண்டிக் காகிதத்தைக் குடு வெர்னா.”

“குடுக்க மாட்டேன்னா?”

அப்போதுதான் வண்டியின் அந்தப் பக்க ஜன்னலில் இன்னொரு டார்ச் வெளிச்சம் விழுந்தது. எனக்குத் தெரியாத ஒரு ஆள், சீருடை இன்னும் மடிப்புக் கலையாமல். குனிந்து பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: “எல்லாம் சரியா இருக்கா லோரெட்?”

“சரியா இருக்கு” என்றாள் லோரெட்.

காகிதத்தைக் கொடுத்தேன். அபராதச் சீட்டு எழுதிக் கையில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அவருடைய கதவும் அவளுடைய கதவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

அவர்கள் போன பிறகும் நான் அங்கேயே வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன்.