மீதியை நேரில் சொல்கிறேன்

அன்புள்ள சமையல்காரத் தம்பிக்கு, உன் கயிற்று அண்ணன் சொல்லி எழுதுவது.

நான் இங்கே நலம். நீயும் உன் அடுப்பும் நல்லபடியாக இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே. பதிவு அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர்தான் எழுதுகிறார். முதலில் “தங்கள் மேலான சமூகத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது” என்று ஆரம்பித்தார். “ஏங்க, அவனும் நானும் மூணு வருஷம் ஒரே அறையில படுத்தவங்க. அவன்கிட்ட எனக்கு எதுக்குங்க பணிவு” என்றேன். அதைக் கிழித்துவிட்டு இது இரண்டாவது தாள். ஒரு வரி எழுதினால் உடனே படித்துக் காட்ட வேண்டும், நான் சொன்னதற்கு மேல் ஒரு எழுத்துகூட வரக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறேன். இவ்வளவு கெடுபிடி எதற்கென்று போகப் போக உனக்கே தெரியும்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. உன் அண்ணிதான் படித்தாள். கப்பல் பழுதுபார்த்து முடிந்து அடுத்த மாதம் கிளம்புகிறது, மறுபடியும் உலகத்தை ஒரு சுற்று, அண்ணன் பெயரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்து உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் உன்னைத் திட்ட வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. “திட்டுறதையும் எழுதணுமா” என்று இவர் கேட்கிறார். அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. முன்பெல்லாம் கரையோரச் சரக்கு, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வீடு. வந்து படுத்து எழுந்து போய்விடுவேன். இந்தத் தடவை மூன்று வருஷம் நாலு மாதம். அதற்குள் வீடு வேறு ஆளுடைய வீடாகிவிட்டது. கட்டில் இருந்த இடத்தில் தையல் மெஷின். என் சட்டை மாட்டுகிற ஆணியில் அளவு நாடா. உன் அண்ணியைத் தேடி ரவிக்கை தைக்க ஆள் வந்தபடியே இருக்கிறார்கள். நான் எங்கே உட்கார்ந்தாலும் யாருக்காவது வெளிச்சத்தை மறைக்கிறேன். “கொஞ்சம் நகருங்க” என்று ஒரு நாளைக்கு இருபது தடவை காதில் விழுகிறது. டீ வருகிறது, விருந்தாளிக்கு வைக்கிற பூப்போட்ட கோப்பையில். அதற்கு ஒரு தட்டு வேறு.

என் கையும் சும்மா இருக்கிற கை இல்லை. வந்த மறுநாளே சமையலறை அலமாரிக் கதவுகளைச் சேர்த்துக் கட்டினேன். வாளியைக் குழாயோடு கட்டினேன். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி விரித்தேன். முடிச்சு அவிழவில்லை என்று அவள் கத்தரிக்கோலை எடுத்து அறுத்தாள். “இது வீடுங்க. இங்க எதுவும் உருளாது” என்றாள். மெஷினை ஜன்னல் கம்பியோடு கட்டின அன்றைக்கு உள்ளே போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

அதெல்லாம் என் பாடு. இனி உன் சங்கதிக்கு வருகிறேன்.

வந்த இரண்டாவது வாரம் மகளும் மருமகனும் வந்தார்கள். என் சகலையும் வந்திருந்தார். “உலகத்தையே சுத்திட்டு வந்திருக்கீங்க, நாலு சேதி சொல்லுங்க சகலை” என்றார். எல்லா ஊரிலும் கிரேன் ஓட்டுகிறவன் கத்துகிறான், எல்லா ஊரிலும் மழை பெய்தால் சாக்கு நனைகிறது என்றேன். “இதுக்கா மூணு வருஷம்? நம்ம கிடங்கு வாசல்ல நின்னாலே தெரிஞ்சிருக்குமே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. “அந்த வெள்ளைப் பறவையைச் சொல்லுங்க. என் பேரை வச்சீங்களே, அது” என்றாள்.

எந்தப் பறவை என்று கேட்டுவிட்டேன்.

அவள் எழுந்து போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். கப்பலிலிருந்து நான் சொல்லச் சொல்ல நீ எழுதிய இருபத்தேழு கடிதமும் அதில் இருக்கிறது. ஒன்பதாவதை எடுத்தாள். மடிப்பு தேய்ந்துபோய்ப் பின்னால் தாள் ஒட்டியிருக்கிறது. அத்தனை பேர் முன்னாலும் படித்தாள். தம்பி, எழுத்துத் தெரியாதவனுக்கு மண்டைதான் நோட்டு. எந்தக் கயிறு, எந்தச் சங்கிலி எந்த அறையில் என்று கப்பலில் என்னைத்தான் கேட்பார்கள். அந்த ஒன்பதாவது கடிதம் மழை பெய்த துறைமுகத்தில் சொன்னது, கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தேன். நான் சொன்னது இவ்வளவுதான்: காய்ச்சல் விட்டுவிட்டது. மாடித் தகரத்தில் ஓட்டையை ஆள் வைத்து அடை. மகளைக் கேட்டதாகச் சொல். மற்றவை பின்னால். நாலே வரி. அவள் ஒன்றரைப் பக்கம் படித்தாள். பறவை பதினோரு நாள் என் பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்ததாம். என் சோற்றில் பாதியைத் தின்றதாம். அவள் பெயரைச் சொன்னால் கழுத்தைத் திருப்புமாம். “பதினோராம் நாள் ஒரு அதிசயம் நடந்தது. மீதியை நேரில் சொல்கிறேன்” என்று முடிகிறது.

பறவை வந்தது உண்மை. இரண்டே நாள். உன் மீன் தலையெல்லாம் தின்றுவிட்டு உன் பெரிய பாத்திரத்தில் எச்சம் போட்டது. நீ அதற்கு இரண்டாம் இன்ஜினியர் பெயரை வைத்துத் துடைப்பத்தால் அடித்துத் துரத்தினாய்.

இதை அங்கே சொல்ல முடியுமா? மறந்துபோச்சு என்றேன். என் வாயால் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டாள். அவர் கிழமை கேட்டார், தேதி கேட்டார். நான் சும்மா இருந்திருக்க வேண்டும். “ஆறு வருஷத்துக்கு முன்னால இந்த மேசை ஜன்னல் பக்கம் இருந்துச்சு. நீங்க கண்ணாடி போடலை. என் உள்ளங்கையில அஞ்சு தையல் போட்டீங்க, நாலாவது சரியா விழலைன்னு நர்ஸ் அம்மாவைத் திட்டினீங்க” என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு, “அம்மா, இவர் ஞாபகத்துல பாதி எனக்கு இருந்தா போதும்” என்று அனுப்பிவிட்டார்.

தெருமுனை வரைக்கும் அவள் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். மருந்துக்கடை வாசலில் நின்று, “அப்ப எல்லாம் ஞாபகம் இருக்கு. என்னைப் பத்தி எழுதினது மட்டும் மறந்துபோச்சு” என்றாள்.

சொல்லு, நான் என்ன சொல்வேன்? அது நான் சொன்னதில்லை, சமையல்காரன் கையிலிருந்து போட்டது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அதற்கப்புறம் அந்த டின்னில் என்ன மிச்சம் இருக்கும்? தகரத்து ஓட்டைதான் இருக்கும்.

அதனால் எல்லாவற்றையும் மறக்க ஆரம்பித்தேன். சர்க்கரை வாங்கப் போய் சோப்பு வாங்கி வந்தேன். மருமகன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, சாப்பிட்டேனா என்று கேட்டேன். பறவையை மட்டும் மறக்கவில்லை, எல்லாவற்றையும்தான் மறக்கிறான் என்று அவளுக்கு மனசு ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறியதோ இல்லையோ, இப்போது கடைக்காரன் என்னிடம் சத்தமாகப் பேசுகிறான். மகள் என்னை வைத்துக்கொண்டே, “அப்பா நல்லாத்தானே இருந்தார்” என்று இறந்த காலத்தில் பேசுகிறாள். என் சட்டைப் பையில் ஒரு சீட்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள். என்னவென்று எனக்குத் தெரியாது. இவரிடம் காட்டினேன். “பெரியவருக்கு மறதி. வழி தெரியாமல் நின்றால் தையற்கார அம்மா வீட்டில் சேர்க்கவும்” என்று படித்தார். “உங்களுக்கா மறதி? போன வாரம் நான் கட்டியிருந்த வேட்டிக்கரையே சொன்னீங்களே” என்கிறார். உலகத்தைச் சுற்றி வந்தவனுக்கு இரண்டு தெரு தாண்டச் சீட்டு. இதற்கெல்லாம் நீ கையில் கிடைத்தால் உன்னை என்ன செய்வேன் என்பதை இவர் எழுத மாட்டேன் என்கிறார்.

கடிதங்களை வரிசையாகப் படித்துக் காட்டினால் ஞாபகம் வரும் என்று மகள் சொல்லிவிட்டாள். தினம் சாயங்காலம் மெஷினை மூடி வைத்துவிட்டு ஒரு கடிதம். நான் கேட்டுக்கொண்டே உன் வரி எது, என் வரி எது என்று பிரித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து கடிதம் வரைக்கும் உன்னை மனசுக்குள் தினமும் கடலில் தள்ளினேன். பதினாறாவதில் ஒரு இடம் வந்தது. “சண்டை என்றால் நீ கத்த மாட்டாய். கதவை மெதுவாகச் சாத்துவாய். புயலுக்குப் பயப்படாதவன் அந்தச் சத்தத்துக்குப் பயப்படுவேன்.”

இது கடிதத்துக்கு நான் சொன்னது இல்லை. ஆனால் நான் சொன்னதுதான். சுக்கான் பழுதாகி நாலு நாள் மிதந்தோமே, அப்போது உன்னோடு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னது. உன்னிடம் சொன்னதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். என்னைப் பார்க்காமலே, “இதுவும் மறந்துபோச்சா” என்றாள். “இல்ல. இது ஞாபகம் இருக்கு” என்றேன். மறுநாள் காலையில் டீ என் பழைய நசுங்கிய டம்ளரில் வந்தது.

அதற்காக உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. கடைசிக் கடிதத்தில் “இனிக் கப்பல் ஏற மாட்டேன், உன் பக்கத்திலேயே இருப்பேன்” என்று போட்டிருக்கிறாய். இதைக் கடிதத்துக்கும் சொல்லவில்லை, உருளைக்கிழங்குக்கும் சொல்லவில்லை. என் வாயால் வாக்குக் கொடுத்தவனும் நீ, பெயர் கொடுக்கட்டுமா என்று கூப்பிடுகிறவனும் நீ. போன வாரம், உன் அழைப்பு வந்த மறுநாள், அந்த வரிக்கு வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள். கடிதத்தை மடித்து டின்னுக்குள் வைத்தாள். உள்ளே போனாள். கதவு சாத்தின சத்தமே கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள்.

உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். இந்த நாலு மாதமும் நான் பையைப் பிரிக்கவில்லை. நேற்றுதான் பிரித்தேன். உள்ளே இருந்த நல்ல கயிற்றை அவளிடம் நீட்டினேன். துணி காயப்போட மாடியில் கட்டச் சொன்னாள். கட்டினேன். இழுத்துப் பார்த்தாள். ஈரத்துணியை அதில் போட்டாள். என் பெயரைக் கொடுக்காதே.

எனக்குப் பதிலாக யார் வருகிறானோ, உன் பெரிய பாத்திரத்தை அவன் கையால் இரண்டு சுற்றுக் கட்டச் சொல். உன் முடிச்சு நிற்காது. நீ எங்கே போனாலும் தண்ணீர் உனக்கு அமைதியாக இருக்கட்டும். இன்னொருத்தனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தால், சேர்த்ததை அவனுக்கு ஒரு தடவை படித்துக் காட்டிவிடு.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். இருபத்தேழும் முடிந்து, முந்தாநாள் ஒன்பதாவதை மறுபடியும் எடுத்துவிட்டாள். “நேர்லதான இருக்கீங்க. பதினோராம் நாள் என்ன ஆச்சு” என்கிறாள். நீ என்ன நினைத்து அதை எழுதினாயோ, அதை எழுதி அனுப்பு. வீட்டுக்கு வேண்டாம், இந்த மனு எழுதுகிறவர் பெயருக்கு அனுப்பு. பறவை பறந்து போய்விட்டது என்று மட்டும் எழுதாதே. நீ எழுதினாலும் நான் அவளிடம் அப்படிச் சொல்லப்போவதில்லை.

இப்படிக்கு,
கயிற்று அண்ணன்.
கீழே இருப்பது என் கட்டைவிரல். அதில் யாரும் எதையும் சேர்க்க முடியாது.