கருவேல மரத்தில் தொங்கிய கொலுசு

என் பிரியமான முத்துமாரி மதினிக்கு,

நீங்கள் இருக்கும் இடத்திலாவது பட்டாசுச் சத்தம் கேட்கக் கூடாது என்று தினமும் கும்பிடுகிறேன். இங்கே எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனியை மறுபடியும் திறந்துவிட்டார்கள். நீங்கள் வெந்துபோன ரூமுக்குப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். தீபாவளி சீசனாம்!

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை மதினி. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் போர்மேன் என்ன சொன்னான் தெரியுமா? "அந்தப் பொம்பள கொலுச களட்டாம உள்ள வந்துருச்சு சார். குருவி வச்ச கொலுசு. அது ஒரசித்தான் மருந்து பத்திக்கிருச்சு. என் கண்ணால பாத்தேன்." உங்களோடு செத்த பெண்களின் சாவையும் சேர்த்து உங்கள் தலையில் கட்டிவிட்டான். ஆர்டரை முடிக்க அந்தச் சின்ன ரூமில் அத்தனை பேரை அடைத்தது யார்? அதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

குருவியா அது? கொண்டலாத்தி. ஆனைக்குட்டம் அணைக்கரையில் கொண்டையை விரித்து மடக்கிக்கொண்டு மேய்ந்ததை நாம் சேர்ந்துதானே பார்த்தோம்? வெள்ளித் தகட்டில் ஒவ்வொரு பறவையாக அறுத்து, இறகுக்குக் கோடு கீறி, என் கையால் கொலுசில் பற்றவைத்தேன். "இம்புட்டு அழகா இருந்தா கால எப்படித் தாயி கீள வைக்க?" என்று சிரித்தீர்கள். கடையில் அச்சில் அடித்த மயில்தான் கிடைக்கும். அதனால் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் எல்லோர் கண்ணும் உங்கள் காலில்தான். போர்மேனும் அங்கேதான் பார்த்திருப்பான். நான் ஆசையாகச் செய்த பொருள் அவன் பொய்க்குச் சாட்சியா?

அவன் ஆபீஸ் வழியாக வருகிறவன். காலையில் கேட்டுக்கு வெளியே நீங்கள் எல்லோரும் கொலுசையும் வளையலையும் கழற்றித் துணியில் முடிந்து, டிபன் கேரியரின் மேலடுக்கில் வைத்து, கருவேல மரத்தில் தொங்கவிடுவது அவனுக்கு எங்கே தெரியும்?

விபத்துக்கு மறுநாள் அந்த மரத்திலிருந்து யாரோ உங்கள் கேரியரை எடுத்துவந்து கொடுத்தார்கள். அண்ணன் அதைப் பார்க்க மாட்டாமல் பரணில் போட்டுவிட்டார். போன வாரம்தான் திறந்தேன். கீழடுக்கில் சோறு தின்னப்படாமல் காய்ந்து கிடந்தது. மேலடுக்கில் உங்கள் கொலுசு, இரண்டு காலுக்கும். விபத்துக்கு முந்தின நாள் பஸ் படியில் இடித்து வளைந்த ஒரு பறவையின் கொண்டையும் அப்படியே இருந்தது. "நிமித்திக் குடு தாயி" என்றீர்களே, அதேதான்.

"விடு கலா. கம்பெனிக்காரவுகள பகைச்சுக்கிட்டு இங்கன பொழைக்க முடியுமா?" என்றார் அண்ணன்.

"ஒம் பொண்டாட்டிய கொலகாரிங்காக. ஒனக்கு ஒறைக்கலையா?" என்று கத்திவிட்டேன்.

அதே ரூமில் மகளைப் பறிகொடுத்த பேச்சியக்கா நம் வாசலைத் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தார். நேராக அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கொலுசைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்.

"எம் மகளும் களட்டி வச்சிட்டுத்தான போனா. இவ மட்டும் எப்படி மாட்டிக்கிட்டுப் போவா? நானும் வாரேன் தாயி, சொல்லுதேன்" என்றார்.

நாளை சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் விசாரணை. போர்மேன் முன்னாலேயே கொலுசை மேசையில் வைக்கப் போகிறேன். எந்தக் கொலுசை அவன் கண்ணால் பார்த்தான் என்று சொல்லட்டும்.

வளைந்த கொண்டையை இப்போது நிமிர்த்த மாட்டேன் மதினி. உங்கள் பெயரிலிருந்து அந்தப் பழி நீங்கும் அன்று நிமிர்த்துவேன். நிமிர்த்தி, உங்கள் மகள் காலில் நானே பூட்டிவிடுவேன். இது சத்தியம்.

கொலுசு செய்த உங்கள் நாத்தனார்,
கலா