மாவுப் பையில் போன மாத்திரை

ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்தில் இருக்கும் என் மகனுக்கு,

உன் அக்கா மகள் ரெலெபோஹிலே கணக்கில் வகுப்பிலேயே முதல். உன் தம்பி மகன் குதிரைப் பந்தயத்தில் பெரிய பையன்களையே பின்னால் விட்டுவிட்டான். நம் வீட்டுப் பிள்ளைகள் யாரும் சோடை போனதில்லை என்று தேவாலயத்தில் சொல்லிக்கொண்டேன்.

நீ இன்னும் பார்க்காத உன் மகளுக்கு அப்படியே உன் மூக்கு.

நேற்று ஆஸ்பத்திரியில் அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவைச் சொன்னார்கள்.

"பிள்ளைக்கும் எச்.ஐ.வி. வந்திருக்கு. வயித்துலயே ஒட்டாம இருக்கத்தானே உனக்கு மாத்திரை குடுத்தோம்? தினமும் முழுங்கினியா?" என்று நர்ஸ் உன் மனைவி லினேயோவைக் கேட்டாள்.

லினேயோ தலை நிமிரவில்லை. "பாதி எனக்கு, பாதி அவருக்கு அனுப்பினேன். அங்க மருந்து வரிசையில நின்னா கூட்டாளிங்க சிரிப்பாங்களாம்."

"சிரிச்சா சிரிக்கட்டுமே! பல்லா கொட்டிடும்?" என்று கத்திய நர்ஸ், பிறகு தானே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாதாமாதம் உனக்கென்று அவள் வேன்காரனிடம் கொடுத்தனுப்பிய சோளமாவுப் பை ஏன் கிலுகிலுத்தது என்று இப்போது புரிகிறது.

இனி மாவு மட்டும்தான் வரும். லினேயோவுக்கு உன்மேல் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளைக்கு மருந்து ஊற்றுகிறோம். பாதியைத் துப்பிவிடுகிறாள்.

இனிமேலாவது வரிசையில் போய் நில். நிற்பாய் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அதனால் உடம்பில் சதை இருக்கும்போதே ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. இவள் வளர்ந்தால் காட்ட வேண்டும்.

உன்னைப் பெற்றவள்